தலைமாட்டில் செருப்பு

என் உடம்பின் வலது பாதி வேலைநிறுத்தம் செய்த அந்தக் காலையில் எனக்கு வந்த முதல் கவலை உயிரைப் பற்றியது அல்ல. பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைத்துவிடுவார்களே என்பதுதான். அந்தக் கவலையில்தான், எதிரில் நின்ற ஆட்டோவைக் கூப்பிடாமல், ஆள் நடமாட்டம் இல்லாத சந்தாகப் பார்த்துத் திரும்பினேன். மூளைக்குள் ஒரு ரத்தக்கட்டி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. நானோ மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள ஒளிய இடம் தேடுகிறேன்.

விஷயம் தெரியாதவன் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். எனக்கு அந்த வசதியும் இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நான் குடியிருக்கும் தருமபுரத்தில், எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், பக்கவாதத்துக்கு வந்திருக்கும் புதிய சிகிச்சையைப் பற்றி நான் முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன்.

நான் மருத்துவன் அல்ல. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பவன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் சோறு இறங்காதவன். அந்த மாதம் கையில் கிடைத்தது ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து. பழைய மருந்தை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். புதியதை ஒரே ஊசியில் செலுத்திவிடலாம். எதுவானாலும், பாதிப்பு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நேரம் தாண்டிப் போட்டால் கட்டி கரைவதற்குப் பதில் மூளைக்குள் ரத்தம் கசியக்கூடும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பக்கவாதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையையும் நடத்திக் காட்டினேன். எல்லாரையும் இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன். தூக்கினார்கள். ஒரு வாக்கியம் பேசச் சொன்னேன். பேசினார்கள். சிரிக்கச் சொன்னேன். அது மட்டும் நடக்கவில்லை.

பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த ஊசி நம்ம ஊர்ல இருக்குங்களா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. "அதைப் பற்றி எழுதுவதுதான் என் வேலை, வாங்கி வைப்பது அல்ல" என்றேன். அதற்குச் சிரித்தார்கள்.

அந்தப் புதன்கிழமை விடியலில் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். கடற்கரையில் நடை, டீ, படிப்பகத்தில் பேப்பர், அப்புறம் பஜார். கடைசியாக என் பள்ளித் தோழரின் கடை. அவருடையது பரம்பரையாகக் கடல் வியாபாரம் செய்த குடும்பம். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, அத்தர், கம்பளி, தைலம், பேரீச்சம்பழம் என்று வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். நானும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அந்த முறையில் என் மனைவி அவருக்குத் தங்கச்சி. இங்கேயும் மச்சான் என்றே எழுதுகிறேன்.

அன்று மச்சானுக்குப் புதிய ஊசியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மச்சான், வியாபார நேரத்துல வந்து ரத்தம் ரத்தம்ங்கிறியே. வர்ற ஆளுங்க ஓடிருவாங்க. கிளம்பு" என்றார்.

கிளம்பினேன். பத்து கடை தாண்டியிருப்பேன். யாரோ என் காலைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. அது எங்கோ பின்னால் கிடந்தது. எப்போது கழன்றது என்று காலுக்கே தெரியவில்லை. திரும்பி எடுக்கப் போனபோதுதான் தெரு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்; எங்களைச் சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் நாங்கள் மட்டும் தனி ஆட்சி. இங்கே சரக்கு மலிவு. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்து குடித்துவிட்டு, மதியத்துக்குள் தெருவில் அங்கங்கே சாய்வார்கள். ஊருக்கு அது பழகிவிட்டது. யாரும் திட்டமாட்டார்கள். நிழலுக்கு இழுத்துப் படுக்க வைப்பார்கள். செருப்பைக் கழற்றித் தலைமாட்டில் வைப்பார்கள். போனைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிடுவார்கள். எழுப்பவே மாட்டார்கள், தெளிந்தால் தானாகப் போய்விடுவான். விழுந்தவன் உள்ளூர்க்காரனாக இருந்தால் கூடுதலாக ஒரு மரியாதை உண்டு. வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். "உன் வீட்டுக்காரரை இந்த நிலையில் பார்த்தேன்" என்று எந்தப் பெண்ணிடமும் எங்கள் ஊரில் எவனும் சொன்னதில்லை. இதை மனிதநேயம் என்று புகழ்ந்து நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். நல்ல வரவேற்பு.

சந்துக்குள் சுவரைப் பிடித்தபடி, சினிமா போஸ்டரை ரசிப்பவன் போல நின்றேன். போஸ்டர் கிழிந்து போய்ச் சுவர்தான் மிச்சம் இருந்தது. அதையும் ரசித்தேன். பிறகு முழங்கால் விட்டுக்கொடுத்தது. பைக்கில் வந்த இரண்டு பேர் நிறுத்தினார்கள்.

"யோவ், இவரு எழுத்தாளரு சாருல்ல?"

"எழுத்தாளரா இருந்தா என்னய்யா, போட்டா சாயத்தானே செய்யணும்."

நான் பக்கவாதம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எழுத்து எழுத்தாக மனதுக்குள் நிற்கிறது. வாயிலிருந்து வந்ததோ, "அது வந்து..."

"வந்துச்சு, வந்துச்சு. எல்லாம் சரியாப் போகும். உக்காருங்க சார்."

ஆஸ்பத்திரி என்று சொன்னேன். "அது வந்து" என்று வந்தது. ஆட்டோ என்றேன். அதுவும் "அது வந்து" தான். முப்பது வருடம் எழுதிச் சேர்த்த சொற்களில் எனக்கு மிஞ்சியது, மேடையில் பேச்சு மறந்தவன் சொல்லும் இரண்டு சொற்கள். நிழலில் உட்கார வைத்து, அப்படியே சாய்த்துப் படுக்க வைத்தார்கள். ஒருவன் பொறுப்பாக ஓடிப்போய் என் வலது செருப்பைத் தேடி எடுத்து வந்து, இடது செருப்பையும் கழற்றி, இரண்டையும் ஜோடியாகத் தலைமாட்டில் வைத்தான். அந்த நேர்த்தியைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"அத்தர்க்கடை பாய் இவருக்கு சிநேகிதம்யா. அங்க கொண்டு போய் விட்டுருவோம்."

மச்சான் என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "இப்பத்தானேய்யா பேசிட்டுப் போனான்! அதுக்குள்ளயா? இந்த வயசுல இது புதுப் பழக்கமா? தங்கச்சிக்குத் தெரிஞ்சா உசுரையே விட்டுரும்." என்னைக் கடைக்குப் பின்னால் குடோனில் அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுக்க வைத்தார். மின்விசிறியைப் போட்டார். மோர் வாங்கி வந்து புகட்டினார். அது வலது கடைவாய் வழியாகச் சட்டைக்குப் போனது. "ஊத்திக்கிட்டதும் பத்தல, இப்ப மேலயும் ஊத்திக்கிறான்" என்று துடைத்துவிட்டார். வாடை வருகிறதா என்று குனிந்து மோந்து பார்த்தார். பாவம், நாளெல்லாம் அத்தருக்குள் இருக்கும் மூக்கு அது. அதற்கு எல்லா மனிதரும் ஒரே வாசனைதான்.

"தூங்கு மச்சான். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"அது வந்து! அது வந்து!"

"சரி சரி, வந்து பேசிக்கலாம்." ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்.

அந்தக் குடோனில் நான் கிடந்த நேரத்தைப் பற்றி எழுதுவதற்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. கம்பளி மூட்டைகளுக்கு நடுவில், பேரீச்சம்பழ வாசனையில், எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்தப் பக்கத்து மூளை, எவ்வகை அடைப்பு, என்ன மருந்து, எத்தனை நிமிடத்துக்கு எத்தனை செல்கள் போகும் என்பதுகூட. மேடையில் நான் கைதட்டல் வாங்கிய விவரங்கள் அத்தனையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தன. இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்று வந்தது. போனை இடது கையால் எடுக்கப் பார்த்தேன். அதைத்தான் அந்த நல்லவர்கள் சட்டைப் பையின் அடி ஆழத்தில் தள்ளிப் பொத்தானும் போட்டிருந்தார்களே.

மதியத் தொழுகை முடித்துவிட்டு மச்சான் வந்தார். "எந்திரி, தெளிஞ்சிருச்சா?" என்று என் வலது கையைப் பிடித்துத் தூக்கி, பிடியை விட்டார். அது ஈரத்துண்டு போலத் தொப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் குடித்தவன் கை எப்படி விழும் என்று தெரியும். அவர் முகம் வெளுத்தது.

"யா அல்லாஹ்! இது அது இல்லையே!"

அடுத்த சில நிமிடங்களில் ஆட்டோ, ஆஸ்பத்திரி, கையில் குழல் செருகல், ஸ்கேன் எல்லாம் நடந்தன. மனைவி எப்படியோ என் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டாள். அவசரப் பிரிவில் இருந்தவர் ஒரு இளம் பெண் மருத்துவர். ஸ்கேன் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"ரத்தக்கசிவு இல்லைங்க, அடைப்புதான். கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு. ஆனா எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியணும். தெரியலைன்னா, கடைசியா இவரை நல்லபடியா பார்த்தது எப்பவோ அதைத்தான் கணக்கு வைக்கணும். யாரு பார்த்தீங்க?"

ஊசி எங்கள் ஊரில் இருக்கிறது! பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

"காலையில ஆறரைக்குப் பால் பாக்கெட்டை உள்ள வச்சிட்டுக் கிளம்புனாருங்க" என்றாள் மனைவி. "நல்லாத்தான் இருந்தாரு. பாலை ஃப்ரிட்ஜ்ல வைக்காம அடுப்புக்குப் பக்கத்துல வச்சிட்டுப் போனாரு. எப்பவும் அப்படித்தான்."

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாகப் போகிறது. "ஆறரைன்னா நேரம் தாண்டிருச்சும்மா. போட்டா ஆபத்து. வேற யாராச்சும் பார்த்தீங்களா? பாய், நீங்கதானே கூட்டிட்டு வந்தது?"

மச்சான் என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். ஊர்ப் பண்பாடு அவருக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா. கடை வாசல்ல கிடந்தாரு. இப்பத்தான் பார்த்தேன். உடனே தூக்கிட்டு வந்துட்டேன்."

"அது வந்து!" என்று கத்தினேன். பத்தே முக்கால் என்பதுதான் நான் சொன்னது. மச்சான் கடையைவிட்டு நான் இறங்கும்போது எதிர்ச்சுவரில் கடிகாரம் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த இரண்டு சொல்லைச் சொன்னால் என் கையும் நாக்கும் திரும்பக் கிடைக்கலாம். வாயிலிருந்து மறுபடி மறுபடி அதே எழவு வருகிறது. "அது வந்து! அது வந்து!"

இடது கைக்கு எட்டிய தூரத்தில் மச்சானின் தோள் இருந்தது. ஓங்கி ஒன்று வைத்தேன்.

"ஏங்க! தூக்கிட்டு வந்தவரைப் போய் அடிக்கிறீங்களே!" என்றாள் மனைவி.

"அடிக்கட்டும் தங்கச்சி. எம்மேல அவ்வளவு பிரியம்."

இன்னொன்று வைத்தேன். அப்போதுதான் கூரையின் மூலையில் ஆஸ்பத்திரியின் கேமரா கண்ணில் பட்டது. மச்சான் கடையிலும் ஒன்று இருக்கிறது. அதன் படம் அவர் போனிலேயே தெரியும் என்று என்னிடம் எத்தனையோ முறை பெருமையடித்திருக்கிறார். விரலை மேலே நீட்டினேன். மச்சானைக் காட்டினேன். மறுபடி மேலே நீட்டினேன்.

மனைவி ஓவென்று அழ ஆரம்பித்தாள். "மேல போறேங்கிறாரும்மா! அண்ணனைப் பார்த்து, என்னைப் பார்த்துக்கச் சொல்றாரு!"

நான் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினேன். நல்லவேளை, மருத்துவர் அண்ணாந்து பார்த்தார். "கேமராவா? பாய், உங்க கடையில கேமரா இருக்கா?"

மச்சான் போன் இருந்த சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"அண்ணே, இவருக்கு நீங்களே வாங்கி ஊத்தியிருந்தாலும் பரவாயில்ல. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். எப்பன்னு மட்டும் சொல்லுங்க."

மச்சான் உடைந்துவிட்டார். "அவன் குடிக்கலை தங்கச்சி! குடிச்சிருக்கான்னு நினைச்சு நான்தான் குடோன்ல போட்டு... மோர் கொடுத்து... தூங்கட்டும்னு... பத்து மணிக்கு மேல எங்கிட்ட வாய் ஓயாம பேசிட்டுத்தான் போனான். நல்லாத்தான் போனான்."

போனை எடுத்துக் காட்டினார். மருத்துவரும் மனைவியும் குனிந்தார்கள். எனக்கும் தெரிந்தது. சின்னத் திரையில் நான். இரண்டு செருப்பும் காலில். வலது கை காற்றில் பறக்கிறது.

"இது என்ன செய்யறாரு?" என்றார் மருத்துவர்.

"ஊசி எப்படிப் போடணும்னு எனக்குச் சொல்லிக் கொடுக்குறாரும்மா."

மூலையில் நேரம் தெரிந்தது. பத்தே முக்காலுக்குப் படியிறங்கிப் போகிறேன், யாரையும் பிடித்துக்கொள்ளாமல், யாருக்கும் நன்றி சொல்லாமல். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேர் என்னைத் தூக்கி வருகிறார்கள். ஒருவன் கையில் என் செருப்பு. மருத்துவர் அதற்குமேல் பார்க்கவில்லை. ஆபத்தையும் நன்மையையும் மனைவியிடம் வேகமாகச் சொன்னார். "போடுங்கம்மா" என்றாள். என் எடையைக் கேட்டார்கள். மனைவி சரியாகச் சொன்னாள். நான் வழக்கமாகக் குறைத்துச் சொல்வேன்.

ஒரு சின்ன ஊசி. ரத்தக்குழாயில் செருகியிருந்த குழல் வழியாகச் சில நொடிகளில் உள்ளே போய்விட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள் மனைவி. இதற்காகவா முக்கால் மணி நேரம் பேசினீர்கள் என்பது அதன் பொருள்.

கட்டி பெரியதாக இருக்கலாம், கரையாவிட்டால் கம்பி விட்டு எடுக்க வேண்டியிருக்கும் என்று, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய மருத்துவமனைக்கு உடனே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மனைவி பக்கத்தில். மச்சான் கடையைப் பூட்டவும் போகாமல் டிரைவர் அருகில் உட்கார்ந்துகொண்டு இறைவனை வேண்டித் துஆ ஓதியபடி வந்தார். நான் வழியெல்லாம் உள்ளுக்குள் சொற்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு திரும்பினால் முதலில் என்ன சொல்வது? மனைவியின் பெயரைச் சொல்லலாம். அல்லது வரலாற்றில் நிற்கும்படி ஏதாவது ஒரு வரி. எழுத்தாளன் அல்லவா.

எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. எங்கள் ஊர்ச் சரக்கு அந்தப் பக்கம் போகாமல் பார்க்கிறவர்கள் அங்கிருக்கும் காவலர்கள். முன்னால் லாரி ஒன்று குறுக்கே நின்றதால் அதை விலக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒரு காவலர் பழக்கதோஷத்தில் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. என் நாக்கு அசைந்தது. கட்டி எங்கோ ஒரு இடத்தில் வழிவிட்டது போலிருக்கிறது.

"சார்... நான்... குடிக்கலை."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்றார் அவர், தன்னை மறந்து. பிறகு திடுக்கிட்டு, "போங்க, போங்க, வழி விடுங்கடா" என்று கத்தினார்.

முன் இருக்கையிலிருந்து மச்சானின் குரல் வந்தது: "பேசிட்டான்! தங்கச்சி, பேசிட்டான்!" மனைவி என் இடது கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். என் வரலாற்று வரி அதோடு போயிற்று.

கம்பி தேவைப்படவில்லை. பெரும்பகுதி கரைந்துவிட்டது என்றார்கள். பேச்சு திரும்பிவிட்டது, அவசரப்பட்டால் மட்டும் சொல் ஒன்று கதவருகே நின்று உள்ளே வர மறுக்கிறது. கால் சரியாகிவிட்டது. வலது கைதான் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறது. பேனாவைப் பிடிக்கும், எழுதாது. சட்டைப் பொத்தான் போட ஒரு பாட்டு நேரம் ஆகிறது. பயிற்சி சொல்லித் தருகிறவர் ஒரு கிண்ணத்துப் பட்டாணியை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றச் சொல்கிறார். மாற்றி முடித்ததும் திரும்ப மாற்றச் சொல்கிறார். இந்தக் கட்டுரையை நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதுகிறாள். நகைச்சுவை வரும் இடங்களில் "இது வேணுமா?" என்று பேனாவைத் தூக்கிவிடுகிறாள்.

உடனே வந்திருந்தால் கை முழுவதும் கிடைத்திருக்குமா என்று மருத்துவர்களைக் கேட்டேன். "இருக்கலாம், சொல்ல முடியாது" என்கிறார்கள். அந்த "இருக்கலாம்" தான் என்னைத் தின்கிறது. மச்சான் மீது கோபப்படலாம் என்றால், ஆட்டோவை விட்டுவிட்டுச் சந்துக்குள் திரும்பியது அவர் இல்லை. ஊர்மீது கோபப்படலாம் என்றால், அதைப் புகழ்ந்து எழுதிச் சன்மானம் வாங்கியது நான். கோபத்தை இறக்கி வைக்க ஒரு ஆள் கிடைக்காத எரிச்சல் இருக்கிறதே, அதற்கு இன்னும் ஊசி வரவில்லை.

போன வாரம் மச்சான் பேரீச்சம்பழப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அரை மணி நேரம் அல்லாஹ்வின் கருணையையும் புதிய மருந்தையும் மாறி மாறிப் புகழ்ந்தார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், வாய் கோணினால் மோர் கொடுக்காதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்று சொல்லி வருகிறாராம். மனைவி டீ போட உள்ளே போனாள். அவர் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, நாற்காலியை என் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மச்சான், தங்கச்சி உள்ள போயிருச்சு. நமக்குள்ள சொல்லு. அன்னைக்குக் கொஞ்சமாச்சும் போட்டிருந்தேதானே?"